இறக்கத்தில் தள்ளும் பாரம்

ஏற்றத்தில் டிராக்டர் முனகும், கரும்புகை கக்கும். பாரம் மிகுதி என்பதை அதுவே ஓட்டுநருக்குச் சொல்லிவிடும். இறக்கத்தில் அது ஒன்றும் சொல்லாது. எஞ்சின் அமைதியாகிவிடும், வண்டி தானாகவே உருளும், வேலை இலகுவாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அந்நேரத்தில்தான் இழுப்பதும் இழுக்கப்படுவதும் இடம் மாறிக்கொள்கின்றன. அதுவரை டிராக்டர் டிரெய்லரை இழுத்தது; இனி டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும். இந்த ஒரு மாற்றத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் ஓட்டுநர், பல ஆபத்துகளைக் காலைப் பெரட்டுக்களத்திலேயே தவிர்த்துவிட முடியும்.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவு நடைபெற்றது. அன்றைய தோட்டங்களில் பாரம் சுமந்தவை மாட்டு வண்டிகளும் எருமை வண்டிகளுமே. பின்னர் டிராக்டர் வந்தது, மாடு போயிற்று. ஆனால் மாட்டு வண்டிக்காரர் அறிந்திருந்த ஓர் அறிவு, மாட்டோடு சேர்ந்து போய்விடக் கூடாத அறிவு. அதுதான் முன்பாரம், பின்பாரம் என்பது. வண்டியின் முன்பக்கம் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் குரல்வளையை நெரிக்கும். மாடு நடையை மாற்றித் தன் துன்பத்தைத் தெரிவித்துவிடும். டிராக்டருக்குக் கழுத்தும் இல்லை, குரல்வளையும் இல்லை. ஆகவே அந்தக் கணக்கை ஓட்டுநரே போட வேண்டியிருக்கிறது.

எடையும் சரிவும்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 150 குலைகள் 3,000 கிலோ, அதாவது 3 டன். டிரெய்லரின் எடை ஒரு டன் என்றால் மொத்தம் 4 டன். அதை இழுக்கும் டிராக்டரோ 2 டன் எடையுள்ளது எனக் கொள்வோம். சமதளத்தில் இந்த வேற்றுமை பெரிதாகத் தெரியாது. பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், டிரெய்லர் ஏறத்தாழ 400 கிலோ விசையுடன் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் செங்குத்தான சடக்கில் அந்தத் தள்ளுவிசை ஏறத்தாழ 780 கிலோ ஆகிவிடும். டிராக்டரின் சொந்த எடையும் அதே திசையில்தான் இழுக்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வளவையும் தாங்கி நிறுத்த வேண்டியவை, பல டிராக்டர்களில், பின் சக்கரங்கள் இரண்டு மட்டுமே. முன் சக்கரங்களுக்குப் பிரேக் இருப்பதில்லை. மழை பெய்த செம்மண் சடக்கில், காய்ந்த மட்டையும் பாசியும் கிடக்கும் இடத்தில், அவ்விரண்டு சக்கரங்களுக்கும் எவ்வளவு பிடிமானம் இருக்கும்? அவை பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கிவிட்டால், பிரேக்கை இன்னும் ஓங்கி மிதிப்பதால் பயன் இல்லை. பின்னால் வரும் டிரெய்லர் நேராகத் தள்ள இயலாமல் பக்கவாட்டில் திரும்பும், முழங்கை மடிவது போல வண்டி இரண்டும் இணைப்பிடத்தில் மடியும், டிராக்டர் குடைசாயும்.

பிரேக் இல்லாத டிரெய்லர், டிராக்டரின் எடையைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்றும், அதை இழுக்கையில் மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்றும் டிராக்டர்க் கையேடுகள் சில கூறுகின்றன. சில கையேடுகள் இதற்கும் கடுமையான வரம்பு விதிக்கின்றன. ஆகவே அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே முடிவானது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் டிரெய்லர் டிராக்டரைப் போல் இரு மடங்கு. பிரேக் பொருத்தாத டிரெய்லராயின் அது ஏற்கத்தகாத பாரம். இவ்வரம்புகளும் உச்ச வரம்புகளே தவிர, மேட்டுக்காட்டுச் சடக்கில் அந்த வேகத்தில் செல்லலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. வேகம் 10 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு உயர்ந்தால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்காகிறது.

ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது முறையன்று என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வெட்டிய குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் மிகுந்து தரம் கெடும். கூலி டன் கணக்கில் கிடைக்கும் இடங்களில், ஒரு நடையில் நூறு குலை கூடினால் வருமானமும் கூடுகிறது. மாலையில் ஒரு நடையைக் குறைத்து எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் நிர்வாகமும் உண்டு. ஏற்றக்கூடிய உச்ச எடையை டிரெய்லரின் பக்கப் பலகையிலேயே பெரிய எழுத்தில் தீட்டி, இந்தக் கோடு வரைதான் குலை என்று அடையாளமும் இட்டுவிட்டால், ஏற்றுவோருக்கும் ஓட்டுநருக்கும் இடையில் வாக்குவாதத்துக்கு இடமிராது. ஒரு டின் வண்ணத்தின் செலவுதான்.

முன்பாரமும் பின்பாரமும்

எவ்வளவு ஏற்றினோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றினோம் என்பதும் முக்கியமாகும். இரு சக்கர டிரெய்லரில் இணைப்பு வளையத்துக்கும் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் எனக் கொள்வோம். 3 டன் பாரத்தின் நடு, அச்சுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் அமைந்தால், அந்தப் பாரத்தில் 400 கிலோ டிராக்டரின் இழுசட்டத்தின் மேல் அமர்கிறது. இழுசட்டம் என்பது டிராக்டரின் பின்புறம் தாழ்வாக நீண்டிருக்கும், டிராபார் என்று நாம் அழைக்கும் இரும்புச் சட்டம். அளவான முன்பாரம் நன்மையே. பின் சக்கரங்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்க அது உதவும். அளவு மிஞ்சினால் டிராக்டரின் முன்பக்கம் இலேசாகும். ஏற்றத்தில் முன் சக்கரங்கள் தரையை மேலோட்டமாகத் தொட்டுக்கொண்டு செல்லும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

பாரத்தின் நடு அச்சுக்குப் பின்னால் போய்விட்டாலோ, டிரெய்லரின் மூக்கு இழுசட்டத்தை மேலே தூக்கும். பின் சக்கரங்களின் பிடி தளரும். வேகம் சற்றுக் கூடினாலே டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். விடுமுறைக்குப் படுக்கையறையையும் சமையலறையையும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் அமெரிக்கர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. அத்தகைய வீட்டு வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது அங்கே வழங்கும் விதி. வண்டி வேறு, சடக்கு வேறு. நம் மாட்டு வண்டிக்காரரின் கணக்குத்தான் அங்கும் செல்லுபடியாகிறது.

குலை ஏற்றும்போது நிகழ்வது யாதெனில், தொழிலாளர்கள் பின்பலகைப் பக்கமே நின்று எறிவதால் குலைகள் பின்னால் குவிந்துவிடுகின்றன. முதலில் முன்பகுதியை நிரப்பிப் பிறகு பின்னோக்கி வருவதும், பாதி பாரத்தோடு புறப்பட நேர்ந்தால் குலைகளை அச்சுக்கு மேலும் சற்று முன்னும் பரப்பிவிடுவதும் நல்ல பழக்கம். பக்கவாட்டிலும் சமன் வேண்டும். படிமேட்டுப் பாதையில் பள்ளத்துப் பக்கம் பாரம் மிகுந்த டிரெய்லர், ஒரு சக்கரம் சிறு குழியில் இறங்கினாலே சாய்ந்துவிடக்கூடும்.

இணைக்கும் இடம்

டிரெய்லரை இழுசட்டத்தில்தான் மாட்ட வேண்டும். டிராக்டரின் பின்புறத்திலுள்ள மேற்கையிலோ, பின் அச்சிலோ சங்கிலி போட்டு இழுப்பது உயிரோடு விளையாடுவதாகும். காரணம் எளிது. இழுக்கும் புள்ளி பின் அச்சுக்குக் கீழே தாழ்ந்திருந்தால், பின்னால் உள்ள பாரம் முரண்டு பிடிக்கையில் டிராக்டர் நின்றுவிடும் அல்லது சக்கரம் சுழலும். அந்தப் புள்ளி அச்சுக்கு மேலே இருந்தால், டிராக்டர் தன் பின் சக்கரத்தையே அச்சாகக் கொண்டு பின்னோக்கிக் கவிழும்.

இணைப்புப் பின்னுக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட போல்ட்டையோ கம்பித் துண்டையோ செருகி ஓட்டும் வழக்கம் உண்டு. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி ஒரு நூல் அளவு மேலே ஏறும். பிறகு ஓர் இறக்கத்தில் கழன்று விழும். உரிய தடிமனுள்ள பின்னும், அது மேலெழாமல் தடுக்கும் கிளிப்பும் தேவை. பின்னின் நடுப்பகுதி தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். இதற்கு மேல், பின் உடைந்தாலும் டிரெய்லர் ஓடிப் போகாமல் பிடித்துக்கொள்ளப் பாதுகாப்புச் சங்கிலியும் இருக்க வேண்டும்.

இணைக்கும் வேலையிலேயே நசுங்குவோரும் உண்டு. டிராக்டர் பின்னோக்கி வரும்போது, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதவியாளர் இரு வண்டிகளுக்கும் நடுவில் நிற்பார். ஓட்டுநரின் கால் கிளட்சிலிருந்து ஒரு விரற்கடை நழுவினால் போதும். உதவியாளர் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். வண்டி நின்று, கைப்பிரேக் இழுக்கப்பட்டு, கியர் விடுவிக்கப்பட்ட பிறகே நடுவில் செல்ல வேண்டும். இன்று உதவியாளர்களாக இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பல தோட்டங்களில் பணிபுரிகின்றனர். எஞ்சின் இரைச்சலில் யார் மொழியும் எடுபடாது. ‘நில்’, ‘வா’, ‘போதும்’ என்னும் மூன்றுக்கும் கைச்சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்வது நன்று.

இறங்கும் முறை

இறக்கத்துக்கு உரிய கியரை மேட்டின் உச்சியிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். பாதி இறக்கத்தில் மாற்ற முயலக் கூடாது. கிளட்சை மிதித்த கணத்தில் எஞ்சினின் பிடி அறுந்துவிடும். அடுத்த கியர் விழாமற் போனால் வண்டி முழுவதும் பிரேக்கின் தயவில் நிற்கும். எந்தக் கியரில் அம்மேட்டை ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. பாரம் மிகுந்தால் அதற்கும் ஒரு படி தாழ்ந்த கியரில் இறங்கலாம். எண்ணெய் மிச்சம் என்று எண்ணிக் கியரை விடுவித்து உருள விடுவது, எந்தச் சடக்கிலும், எந்த ஓட்டுநருக்கும் ஆகாத செயல்.

மாஸி பெர்குசன் 135 போன்ற பழைய டிராக்டர்கள் சிலவற்றில் ‘மல்டி பவர்’ என்னும் அமைப்பு உண்டு. ஓடும்போதே கிளட்ச் மிதிக்காமல் வேகத்தை மாற்ற அது பயன்படுகிறது. அதன் கைப்பிடியைத் தாழ்ந்த நிலையில் வைத்து இறங்கினால், சக்கரங்கள் எஞ்சினை மீறிச் சுழலும். எஞ்சினின் பிடிப்பே இராது. ‘தாழ்ந்த’ என்னும் சொல்லைக் கண்டு பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது. இறங்குமுன் அதை உயர்ந்த நிலையில் வைத்து, கியரைத் தாழ்த்திக்கொள்வதே முறை.

இன்னொன்று: டிராக்டரில் இடப் பிரேக்கும் வலப் பிரேக்கும் தனித்தனி மிதிகளில் இருக்கும். வயலில் சட்டெனத் திரும்புவதற்காக ஏற்பட்ட வசதி அது. சடக்கிலும் சரிவிலும் இரு மிதிகளையும் அவற்றுக்குரிய தாழ்ப்பாளால் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் நிற்கும், மற்றொன்று ஓடும். டிராக்டர் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும். மீதியைப் பின்னால் வரும் 4 டன் முடித்துவைக்கும்.

சரிவில் வண்டியை நிறுத்த நேர்ந்தால் எஞ்சினை அணைத்து, தாழ்ந்த கியரில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, டிரெய்லர்ச் சக்கரத்துக்கும் கட்டை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டையை வழியில் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. தேவைப்படும் இடத்தில் மட்டையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

சேற்றில் சிக்கியபோது

மழைக்காலத்தில் பின் சக்கரங்கள் சேற்றில் புதைவது அன்றாட நிகழ்ச்சி. அப்போது மரக்கட்டையைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி, சக்கரம் சுழன்று அதன்மேல் ஏறட்டும் என்று கிளட்சை விடுவோர் உண்டு. இதைவிட ஆபத்தான செயல் டிராக்டர் வேலையில் வேறு இல்லை என்றே கூறலாம். கட்டை தடுத்துச் சக்கரம் சுழல முடியாமற் போனால், எஞ்சினின் முழு வலிமையும் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் திருப்பும். முன்பக்கம் வானை நோக்கி எழும். மீட்க முடியாத நிலையை அது எட்டுவதற்கு ஏறத்தாழ முக்கால் வினாடி போதும். ‘என்ன’ என்று ஓட்டுநர் உணர்வதற்கே அவ்வளவு நேரமாகும்.

சிக்கிய வண்டியை முதலில் பின்னோக்கி எடுக்க முயல வேண்டும். இயலாவிட்டால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டரை மட்டும் வெளியேற்றலாம். அதுவும் முடியாவிட்டால், குலைகளை இறக்குவதற்கும் வேறு வண்டியை அழைப்பதற்கும் ஆகும் நேரத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காப்பது, இருக்கையைச் சுற்றி அமைந்த உறுதியான இரும்புச் சட்டகம். சுவீடன் 1959-ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டகம் உள்ள வண்டியில் இருக்கைப் பட்டையையும் அணிய வேண்டும். இல்லையேல் கவிழும்போது வெளியே எறியப்பட்டு, அதே சட்டகத்தின் அடியில் அகப்பட நேரும். சட்டகம் இல்லாத வண்டியிலோ பட்டை அணியக் கூடாது. வெயிலுக்காக மெல்லிய குழாய்களை ஒட்டவைத்து மேலே போட்ட தகரக் கூரையைச் சிலர் பாதுகாப்புச் சட்டகம் என்று நம்பியிருக்கின்றனர். அது நிழல் தரும், அவ்வளவே.

‘அண்ணே, முச்சந்தி வரைக்கும்’

டிராக்டரில் ஒருவருக்குத்தான் இருக்கை. ஆயினும் மட்காட்டின் மேல் ஒருவர், இழுசட்டத்தின் மேல் கால் ஊன்றி ஒருவர், குலைகளின் உச்சியில் மூவர் என்று செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் டிரெய்லரில் ஏற்றி அனுப்பியவர்கள்தாம் நாம். களைத்துப்போய்த் திரும்பும் ஒருவர், “அண்ணே, முச்சந்தி வரைக்கும் ஏறிக்கிறேன்” என்று கேட்கும்போது மறுப்பது எளிதன்று. அவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருப்பார், உறவுக்காரராகவும் இருப்பார். ஆனால் இழுசட்டத்தின் மேல் நிற்பவர் வழுக்கினால் விழும் இடம் டிரெய்லர்ச் சக்கரத்தின் நேர் முன்னே. ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதற்குள் சக்கரம் ஏறி முடிந்திருக்கும். “ஏறாதீர்கள், தம்பி” என்று சொல்ல ஓட்டுநருக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் தண்டலும் நிர்வாகமும். தொலைவில் உள்ள வெளிக்காட்டுக்கு ஆட்களைக் கொண்டுசெல்லத் தக்க வாகனத்தை ஏற்பாடு செய்யாமல், டிரெய்லரில் ஏறக் கூடாது என்று அறிவிப்புப் பலகை மட்டும் மாட்டுவது போதாது.

சட்டம் தரும் துணை

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பாதுகாப்பான வாகனத்தையும் பயிற்சியையும் அளிக்கும் கடமையை முதலாளியின் மேல் சுமத்துகிறது. தன்னையும் பிறரையும் காக்கும் கடமையைத் தொழிலாளிக்கும் வைக்கிறது. 2022-இல் நிறைவேறி 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின் 26அ பிரிவு பலர் அறியாதது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவருக்குத் தண்டனையோ பாகுபாடோ நேரலாகாது என்றும் சட்டம் காப்பளிக்கிறது. பிரேக் பிடிக்காத டிராக்டரில் 4 டன்னைக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கச் சொன்னால், இந்தப் பிரிவை நினைவில் கொள்ளலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துத் திட்டம் விரிவாக்கப்பட்டுள்ளதால், உதவியாளர் எந்த நாட்டவர் என்பது அறிவிக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

பின் தேய்ந்திருக்கிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்பன போன்ற குறைகளை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட, தேதி, டிராக்டர் எண், டிரெய்லர் எண், குறை ஆகிய நான்கையும் ஒரு சிறு நோட்டில் எழுதி, பெரட்டில் தண்டலிடமோ கண்டக்டரிடமோ காட்டிக் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. வண்டிப் பட்டறைக்கும் அந்த நோட்டு உதவும். எந்த டிரெய்லர் மாதம் தோறும் அதே குறையோடு திரும்பி வருகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.